சொதிக்கு எலுமிச்சம்பழம் பிழிகிறவர்

"என்னவே, புளிப்பா, உறைப்பா? ரெண்டுல ஒண்ணைச் சொல்லும்" என்று கேட்டபடி குற்றாலலிங்கம் பிள்ளை என் இலைக்கு முன்னால் குந்தியிருக்கிறார். வக்கீல் குமாஸ்தா. சாட்சியை மடக்குகிற பழக்கம் சாப்பாட்டு நேரத்திலும் அவரை விடாது. புளிப்பு என்றால் அடுக்களையிலிருக்கும் மனைவி பக்கம் திரும்பி, "ஏளா சொர்ணம், கேட்டுக்கிட்டியா?" என்பார். நன்றாக இருக்கிறது என்றால் என்னையே சந்தேகிப்பார். அவர் மட்டும் ஒரு துளி வாயில் வைக்கமாட்டார். விருந்தாளிக்கு முன்னால் வீட்டுக்காரன் ருசி பார்க்கக் கூடாதாம். ஒத்திகைச் சொதிக்கும் அந்தச் சட்டம் செல்லும் என்பதால், கொஞ்ச காலமாக அடுத்த வீட்டுக்காரனான நான்தான் அவருடைய நாக்கு.

எங்கள் சைவக் குடும்பங்களில் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொதிச் சாப்பாடு போடுவது வழக்கம். தேங்காய்ப்பாலில் பாசிப்பருப்பும் காய்களும் சேர்த்துக் காய்ச்சி, இறக்கிச் சூடு தணிந்தபின் எலுமிச்சம்பழம் பிழிய வேண்டும். போன ஆவணியில் மகள் கோமுவின் கல்யாணத்தில் அந்தச் சொதி திரிந்துபோயிற்று. அம்பாசமுத்திரத்துச் சம்பந்தி சிவசண்முகம் பிள்ளை இலையைப் பாதியில் மடித்துவிட்டு எழுந்தார். பெண்ணைக் கூட்டிக்கொண்டு போனவர், தலைதீபாவளிக்கும் அனுப்பவில்லை, பொங்கலுக்கும் அனுப்பவில்லை.

இப்போது கோமு பிள்ளைத்தாய்ச்சி. தலைப்பிரசவத்துக்காவது அனுப்புங்கள் என்று இங்கிருந்து ஆள்மேல் ஆள் போனதில், "அவளையும் கூட்டிக்கிட்டு சாப்பிட வாரோம். விட்டுட்டுப் போறதா, திருப்பிக் கூட்டிட்டுப் போறதாங்கதைக் கை கழுவின பொறவு சொல்லுதோம்" என்று பதில் வந்தது.

குற்றாலலிங்கம் பிள்ளைவாள் உடனே ஒத்திகைச் சொதி வைத்து ஆராய்ச்சியில் இறங்கினார். முதல் சந்தேகம் தேங்காய்மேல். தென்காசித் தேங்காய் போய் நாகர்கோவில் தேங்காய் வந்தது. அடுத்தது பானை. ஈயப் பூச்சு சரியில்லை என்று பேட்டைக்குத் தூக்கிக்கொண்டு போய் மறுபடி பூசி வந்தார். புளிய விறகு தேங்காய்ப்பாலுக்கு ஆகாது என்று கண்டுபிடித்து அதையும் மாற்றினார். கல்யாணச் சமையற்காரரை இன்றைக்கும் வைது கொண்டிருக்கிறார். மாறாதது ஒன்றுதான். சொதி அடுப்பில் தளதளவென்று கொதிக்கும்போதே வேட்டியை வரிந்துகட்டிக்கொண்டு உள்ளே போய்த் தம் கையால் எலுமிச்சம்பழத்தைப் பிழிவார். கல்யாணத்துக்கு மறுநாள் பிழிந்ததும் அதே கைதான். "புளிப்பு வீட்டு ஆம்பிள கையால விழணும்வே" என்பார். எந்த ஆகமத்தில் அப்படி இருக்கிறதோ, தெரியாது. பால் திரியும். அவர் அடுத்த தேங்காயைத் தேடிப் போவார்.

"எறக்கி வச்ச பொறவு பிழிஞ்சா என்ன?" என்று சொர்ணாம்பாள் ஒருநாள் பையக் கேட்டார். "கோர்ட்டுல தலை நரைச்சவனுக்கு எலுமிச்சம்பழம் பிழியத் தெரியாதோ?" என்றார் இவர். கோர்ட்டில் எலுமிச்சம்பழமும் பிழிகிறார்கள் என்பது எனக்குப் புதுச் செய்தி. சில நாள் என் பக்கத்து இலையில் உட்காரும் ஓதுவார் திருஞானசம்பந்தமும் அதே யோசனையைச் சொன்னார். மறுநாளிலிருந்து அவருக்கு இலை கிடையாது. நான் சொல்லவில்லை. சொதி எப்படியிருந்தாலும் அந்த வீட்டு இஞ்சித் துவையல் அருமையாக இருக்கும்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பிரசவத்துக்கென்று ஒதுக்கிய உள்ளறைக்குப் போன வாரம் அவரே வெள்ளையடித்தார். சுண்ணாம்பு கண்ணில் தெறித்துக் கண் சிவந்திருந்தது. கூலிக்கு ஆளா இல்லை என்று கேட்டேன். "எம் மவ படுக்கப்போற இடம்வே" என்றார். அன்றைக்கு எனக்குக் கேலி பேச மனம் வரவில்லை.

விருந்து நாளும் வந்தது. சொதி கொதிக்கிற வாசனை வந்ததும் பிள்ளைவாள் வேட்டியை வரிந்தார். சொர்ணாம்பாள் ஒரு பழத்தைப் பாதியாக அரிந்து, கைக்கொரு மூடியாக அவரிடம் கொடுத்தார். "சம்பந்தி வண்டி வந்தாச்சு. வாசல்ல நீங்க நிக்காண்டாமா? பிழியுத நேரத்துக்குக் கூப்பிடுதேன். பழத்தைக் கீழ வச்சிராதீங்க."

அவர் மூடிய கைகளோடே சம்பந்தியைக் கும்பிட்டார். மூடிய கைகளோடே பந்தியை மேற்பார்வை பார்த்தார். அடுக்களையிலிருந்து கூப்பிடவே இல்லை. சொதி தானாகவே இலைக்கு வந்துவிட்டது. சிவசண்முகம் பிள்ளை இலையை வழித்துச் சாப்பிட்டார். பிறகு, "அண்ணாச்சி, இங்கன இன்னும் கொஞ்சம் ஊத்தச் சொல்லுங்க" என்றார். கை கழுவிவிட்டு வந்து, "கோமு இங்கன இருக்கட்டும். பேரனைப் பார்க்க வாரோம், அன்னைக்கும் சொதியே வைங்க" என்றார்.

பிள்ளைவாள் பெருமையாக என் பக்கம் திரும்பினார். "பாத்தீராவே? எல்லாம் எங் கைப்பக்கு..." என்று தொடங்கியவர், தம் கைகளைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

அப்போது கோமு உள்ளேயிருந்து வந்தாள். "யப்பா, வாய்க்கு ஒண்ணும் பிடிக்க மாட்டேங்கு. இதைத் தாங்க" என்று அவருடைய வலது கையைப் பிரித்து, கசங்கிக் கிடந்த மூடியை எடுத்துச் சப்பினாள். பிள்ளைவாள் இடது கையையும் விரித்து நீட்டினார்.