ரீச்சரின் பாரமும் என் பலகையும்

உப்புவெளிக் கரையில் பலகை வாடகைக்கு விடத் தொடங்குவதற்கு முன்னர் பத்து வருடம் நான் உடைந்த பைபர் படகுகளை ஒட்டித் திருத்தியவன். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பிறகு நடந்த கூத்துக்கெல்லாம் அந்தப் பத்து வருடத் திமிர்தான் காரணம். கடலுக்குள் கிடக்கிற பாறைப் பாரில் மோதி அடிப்பக்கம் பிளந்த படகைக் கரையில் கவிழ்த்துப் போடுவார்கள். ரெசின் பசையில், அதை இறுக்குகிற காடினரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கினால் அது சூடேறி இறுகத் தொடங்கும். இறுகுவதற்குள் பைபர் துணியை அதில் நனைத்துப் பிளவின் மேல் ஒட்டிவிட வேண்டும். மறுநாள் படகு கடலுக்குப் போகும். நான் ஒட்டிய இடம் மறுபடி பிளந்ததாக ஒருவர்கூட வந்து சொன்னதில்லை. ஆகவே ரெசினால் ஒட்ட முடியாத பொருள் உலகத்தில் இல்லை, இந்த விஷயத்தில் எனக்குச் சொல்லித்தர ஒருவரும் பிறக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு திரிந்தேன்.

பைபர்த் தூசு நெஞ்சில் இறங்கி இருமல் பிடித்ததும் மனைவி அந்த வேலையை விடச் சொன்னாள். விருந்தினர் விடுதிகளுக்கு முன்னால் தென்னங்கிடுகால் ஒரு கொட்டில் போட்டு, ஏழு பலகைகளோடு இந்தத் தொழிலை ஆரம்பித்தேன். நின்றுகொண்டு சறுக்கும் நீளப் பலகை இல்லை. நெஞ்சும் வயிறும் படப் படுத்து, முன்விளிம்பைக் கையால் பிடித்துக்கொண்டு அலையில் வழுக்கி வருகிற குட்டைப் பலகை. நிமிர்த்தி வைத்தால் தொப்புள் அளவுக்கு வர வேண்டும். வெள்ளைக்காரர் பொடிபோட் என்பார்கள். நாங்கள் வெறுமனே பலகை என்போம்.

அந்த ஏழும் ஒரே விதமில்லை. எங்கள் கடலில் தென்மேற்குக் காற்றடிக்கிற சோளகக் காலம் முழுக்க முழங்கால் உயரத்துக்குத்தான் அலை வரும், தள்ளு குறைவு. அதற்கு முன்பக்கம் அகலமான, வௌவால் செட்டை மாதிரி வால் வெட்டிய பலகை நல்லது. பின்பக்கம் நிறைய மிதக்கும், சின்ன அலையிலும் ஓடும். வாடைக்காற்று கிளம்பும்போது அலை எழுந்து நின்று கரையிலேயே தொப்பென்று விழும். அதற்குப் பிறை போல உள்ளே வளைந்த வால் வேண்டும். அதன் இரண்டு முனையும் அலைச் சுவரைக் கவ்விப் பிடிக்கும். குளிர்நாட்டிலிருந்து சிலர் மெத்தென்ற பஞ்சுப் பலகையைக் கொண்டுவந்து பீற்றிக்கொள்வார்கள். அவர்களுடைய குளிர்ந்த தண்ணீரில் அது அளவாக வளைந்து கொடுக்குமாம். எங்கள் வெந்நீர்க் கடலில் பத்து நிமிடத்தில் நனைந்த காகித மட்டை போலத் துவண்டுவிடும். இங்கே விறைப்பான பிளாஸ்ரிக் பஞ்சு உள்ள, நடுவில் ஒரு கம்பி ஓடுகிற பலகைதான் சரி. பாரமான ஆட்களுக்கு அது கட்டாயம் வேண்டும். என்னிடம் அப்படி இரண்டு கறுப்புப் பலகைகள் இருந்தன. மிச்சத்தில் மூன்று, உள்ளே மீன்பெட்டி செய்கிற ரெஜிபோம் வைத்து மேலே துணி போர்த்தியவை. கண்ணுக்கு அழகு. அமைதியான கடலில் பிள்ளைகள் விளையாட மட்டும் உதவும். இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் பிறகு அந்தப் பிழையைச் செய்தேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் தலை குனிகிறது.

ரீச்சர் தம்பலகாமத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வருவார். நாற்பது வயதுப் பெண்மணி. அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவர். நல்ல பெருத்த உடம்பு. முழுக்கை ரீசேர்ட்டும் நீளக் காற்சட்டையும் போட்டுக்கொண்டு, முதல்நாள் கொட்டிலுக்கு முன்னால் வந்து நின்று, "தம்பி, என்னைப் போல ஆக்களும் இதில போகலாமோ?" என்று கேட்டார்.

"ஏன் ரீச்சர், உங்களுக்கென்ன? தண்ணிக்கு ஆள் பேதம் இல்லை" என்று சொல்லிக் கறுப்புப் பலகையைக் கொடுத்தேன்.

மூன்றாவது ஞாயிறே அவர் அலையைப் பிடித்துவிட்டார். கரைவரைக்கும் வழுக்கி வந்து, மணலில் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தார். கரைவலை இழுக்கிற ஆட்கள்கூட வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். அதன் பிறகு ஒரே கேள்விதான். வால் ஏன் பிறை மாதிரி, அடிப்பக்கம் ஏன் வழுவழுப்பு, விறைப்பான பலகை ஏன் வேகமாக ஓடுகிறது. நான் கையை ஆட்டி ஆட்டி விளக்குவேன். அவர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரித் தலையாட்டிக் கேட்பார். ஒரு விஞ்ஞான ரீச்சர் என்னிடம் பாடம் கேட்கிறாவே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. "கிழமையில ஆறு நாள் மற்றாக்களுக்கு, தம்பி. இந்த ஒரு காலமைதான் எனக்கு" என்று ஒருநாள் சொன்னார்.

அந்தச் சீசன் முடிகிற நேரம், ரெஜிபோம் பலகை ஒன்றின் அடிப்பக்கம் நடுவில் மடிந்து வெடித்தது. வேறொருவன் என்றால் குப்பையில் எறிந்திருப்பான். நான் படகு ஒட்டியவனல்லவா! வெடிப்பைக் கத்தியால் கொஞ்சம் கீறி, ரெசினைக் கலக்கி உள்ளே ஊற்றினேன். 'சுர்' என்று ஒரு சத்தம் கேட்டது. நான் கவனிக்கவில்லை. ஊற்ற ஊற்ற அது குடித்துக்கொண்டே இருந்தது. அட, வெடிப்பு இவ்வளவு ஆழமோ என்று நினைத்து இன்னும் ஊற்றினேன். மேலே பைபர் துணி ஒட்டித் தேய்த்து, பழைய மேல்துணியை இழுத்து மூடினேன். மறுநாள் தட்டிப் பார்த்தால் கதவைத் தட்டியது போல 'டக் டக்' என்றது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டி, "பார், புதுசை விடத் திறம்" என்று பெருமையடித்தேன்.

அடுத்த ஞாயிறு வாடை தொடங்கியிருந்தது. அலை மணலுக்கு மேலேயே மடிந்து விழுந்தது. ரீச்சர் வழக்கம் போல வந்தார். கறுப்புப் பலகை இரண்டும் கொட்டிலில்தான் கிடந்தன. ஆனால் விடுதியில் தங்கியிருந்த வெள்ளைக்காரச் சோடி ஒன்று பத்து மணிக்கு வருவோம் என்று சொல்லியிருந்தது. அவர்களிடம் 'இல்லை' என்று சொல்ல எனக்கு மனமில்லை. ரீச்சர் நம்மாள்தானே, எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார் என்ற எண்ணம்.

"இண்டைக்கு இதைக் கொண்டுபோங்கோ ரீச்சர். நானே ஒட்டினது, கல்லு மாதிரி" என்று அதை நீட்டினேன்.

அவர் பலகையைத் திருப்பிப் பார்த்து, "இது பாரம் தாங்குமோ, தம்பி?" என்றார்.

"என்ன ரீச்சர், என்னில நம்பிக்கை இல்லையோ?"

அவர் சிரித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்.

இரண்டாவது அலையில் பலகை நடுவில் இரண்டாகப் போனது. ரீச்சர் முகம் குப்புற மணலில் குத்துப்பட்டார். அடுத்த அலை அவரைப் புரட்டியது. கரைவலைக்காரர் ஓடிப்போய்த் தூக்கினார்கள். மூக்கால் இரத்தம் வடிந்தது, ஒரு பக்கத் தோள் தோலுரிந்து போயிருந்தது, உப்புத்தண்ணீரைக் கக்கிக்கொண்டிருந்தார். அதற்குள் நல்ல கூட்டம் சேர்ந்துவிட்டது. விடுதி வாசலில் நின்ற ஓட்டோக்காரர், கடலை விற்கிறவர், அந்த வெள்ளைக்காரச் சோடிகூட. கரைவலையின் சொந்தக்காரரான சம்மாட்டி என்னைப் பார்த்து, "என்ன பலகையடா குடுத்தனி?" என்று அதட்டினார்.

எனக்குப் பயம் பிடித்துவிட்டது. பயம் வந்தால் எனக்குக் கோபம்தான் வாயில் வரும். "பலகையில என்ன பிழை அண்ணை? மூண்டு பேரின்ர பாரத்தை ஒரு பலகையில ஏத்தினா அது என்ன செய்யும்? ஆனைக்கு ஓடம்தான் வேணும்!" என்று கத்தினேன்.

சிரித்தார்கள். எல்லோரும் இல்லை, ஆனால் காதில் விழுகிற அளவுக்குச் சிரித்தார்கள். ரீச்சர் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழும்பினார். தண்ணீரில் மிதந்த இரண்டு பாதியையும் தானே போய் எடுத்துவந்து என் காலடியில் வைத்தார். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ, தம்பி. உங்கட பலகையை உடைச்சுப் போட்டன்" என்றார். நான் பெருந்தன்மைக்காரன் போல, "பரவாயில்லை, விடுங்கோ" என்றேன். பரவாயில்லையாம்! அந்த ஒரு சொல்லுக்காக என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம்.

பின்னேரம் கொட்டிலை மூடும்போதுதான் உடைந்த வாயைப் பார்த்தேன். உள்ளே ரெஜிபோம் இல்லை. என் கை நுழையும் அளவுக்குப் பொந்து. பொந்தின் அடியில் ரெசின் கற்கண்டுக் கட்டி போலத் தனியே இறுகிக் கிடந்தது. எனக்கு நம்ப முடியவில்லை. வீட்டுக்குப் பின்னால் கிடந்த மீன்பெட்டித் துண்டொன்றை எடுத்து, மிச்சமிருந்த ரெசினில் கொஞ்சம் விட்டேன். அதே 'சுர்'. என் கண்ணுக்கு முன்னாலேயே துண்டு கரைந்து குழியானது. பத்து வருடம் ரெசினோடு மாரடித்தவனுக்கு அது ரெஜிபோமைத் தின்னும் என்று தெரியாது. படகில் ரெஜிபோம் கிடையாதே. மரத்திலும் பழைய பைபரிலும் தவிர வேறெதிலும் நான் அதைத் தொட்டதில்லை. தெரியாதது ஒரு குற்றமில்லை, கேட்டிருக்கலாம். கேட்க என் திமிர் இடம் கொடுக்கவில்லை. அந்தப் பலகையில் ரீச்சர் இல்லை, ஒரு பத்து வயதுப் பிள்ளை படுத்திருந்தாலும் உடைந்துதான் இருக்கும்.

மனைவி எனக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். "நாளைக்கே போய் அந்த மனுசிட்டைச் சொல்லுங்கோ" என்றாள்.

"ஓம், சொல்லுறன்" என்றேன்.

சொல்லவில்லை. இரண்டு பாதியையும் அன்றைக்கே மணலில் புதைத்தேன். ரீச்சர் அடுத்த ஞாயிறும் வரவில்லை, அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. மனைவியின் அரியண்டம் தாங்காமல் மாரியில் ஒருநாள் பஸ் ஏறித் தம்பலகாமம் போனேன். சந்தியில் இறங்கித் தேத்தண்ணிக் கடையில் குந்தினேன். பள்ளிக்கூடத்துக்கு வழி கேட்டேன், கடைக்காரர் கையைக் காட்டினார். எழும்பவில்லை. இன்னொரு தேத்தண்ணி குடித்தேன். பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வருவது தெரிந்ததும், எங்கே அவரும் வந்துவிடுவாரோ என்று பயந்து, எருமைத் தயிர்ச் சட்டியொன்றை வாங்கிக்கொண்டு திரும்பி வந்த பஸ்ஸில் ஏறினேன்.

"சொன்னீங்களோ?" என்று மனைவி கேட்டாள்.

"ஆள் இல்லை" என்றேன். அவள் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. தயிரை மட்டும் வாங்கிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள்.

அடுத்த சீசன் தொடங்கி ஒரு மாதம் இருக்கும். ஞாயிறு காலை கொட்டிலுக்கு முன்னால் ஒரு பெண் வந்து நின்றார். குரல் கேட்டபோதுதான் யாரென்று விளங்கியது. அதே முழுக்கை ரீசேர்ட், ஆனால் அதற்குள் ஆளைத் தேட வேண்டியிருந்தது. கன்னம் ஒட்டிப்போய், கழுத்தெலும்பு தெரிந்தது. கையில் கிடந்த காப்பு மணிக்கட்டில் நிற்காமல் விரல்கள்வரை வழுகியது.

"என்ன ரீச்சர், ஏதும் நோய் வருத்தமோ?" என்று கேட்டேன்.

"சீச்சீ, வருத்தமில்லை!" என்று சிரித்தார். "வேணுமெண்டுதான் குறைச்சனான். ராச்சாப்பாடு விட்டு எட்டு மாதம். பள்ளிக்கூடத்தில ரெண்டு தரம் தலைசுத்தி விழுந்தும் போனன். பரவாயில்லை." பிறகு குரலைத் தாழ்த்தி, வெட்கத்தோடு கேட்டார்: "இப்ப எண்டா உங்கட பலகை என்னைத் தாங்கும், என்ன தம்பி?"

கறுப்புப் பலகையை எடுத்து நீட்டினேன். சின்ன அலைக்கு வால் இப்படி இருக்க வேண்டும், விறைப்பு இவ்வளவு வேண்டும் என்று என்னென்னவோ உளறினேன். அவர் முன்னைப் போலவே தலையாட்டிக் கேட்டார். அந்தத் தலையாட்டலைத்தான் என்னால் தாங்க ஏலவில்லை.

"ரீச்சர், அண்டைக்கு அது உங்கட பாரத்தால உடையேல்லை" என்றேன். சொல்லத் தொடங்கியதும் எல்லாவற்றையும் சொன்னேன். ரெசின், ரெஜிபோம், பொந்து, மீன்பெட்டித் துண்டு. கறுப்புப் பலகை இரண்டும் கொட்டிலில் சும்மா கிடந்ததையும் சொன்னேன்.

சிரிப்பு மெல்ல மெல்ல அவர் முகத்திலிருந்து போனது. "இது உங்களுக்கு எப்ப தெரியும்?" என்று கேட்டார்.

"அண்டைக்குப் பின்னேரமே."

அவர் வழுகிய காப்பை மணிக்கட்டுக்கு மேலே தள்ளிவிட்டார். அழுவாரோ, பலகையை என் மேல் எறிவாரோ என்று காத்திருந்தேன். அப்படி ஏதாவது செய்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அவர் கரைவலைக்காரரின் பக்கம் திரும்பினார். அவர்கள் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அவையளுக்குத் தெரியுமோ?"

"இல்லை, ரீச்சர்."

"அப்ப வாங்கோ. வந்து சொல்லுங்கோ."

நான் முன்னால் நடந்தேன், அவர் பின்னால் வந்தார். சம்மாட்டி அவரை அடையாளம் கண்டு, "அட, பலகை உடைச்ச ரீச்சரெல்லோ! நல்லா மெலிஞ்சு போனியள்" என்றார். மற்றவர்களும் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்கள்.

"அண்ணை, அண்டைக்குப் பலகை உடைஞ்சது என்ர பிழை. ரீச்சரால இல்லை" என்றேன்.

"என்னடா சொல்லுறாய்? காதில விழேல்லை" என்றார் சம்மாட்டி.

நான் திரும்பி ரீச்சரைப் பார்த்தேன். போதும் என்று சொல்வார் என நினைத்தேன்.

"தம்பி," என்றார், "அண்டைக்கு நீங்கள் இவ்வளவு மெல்லச் சொல்லேல்லையே."