செல்வராசா சாப்பிடவில்லை

கனகாம்பிகை அன்ரி எதையும் கையின் பின்பக்கத்தால்தான் தொட்டுப் பார்ப்பார். முதலில் இடக்கைக் காப்பு இரண்டையும் மேலே தள்ளி விடுவார். பிறகு விரல்களை லேசாக மடக்கி, அவற்றின் முதுகை மட்டும் தேநீர்க் கோப்பையிலோ சோற்றுப் பானையிலோ வைப்பார். கண் பாதி மூடும். சூடு சரியென்றால் "ம்ம்." இல்லையென்றால் "காணாது." உள்ளங்கை பொய் சொல்லுமாம். கணவர் யோகராஜா அங்கிளின் நெற்றிக்கும் இதே சோதனைதான். லீவு போடுகிற அளவுக்குக் காய்ச்சல் காணாது என்று சொல்லியே அவரை முப்பது வருடம் வேலைக்கு அனுப்பியிருக்கிறார்.

லண்டன் மனோர் பார்க்கில் அவர்கள் வீட்டு மேலறையில் நான் வாடகைக்கு இருக்கிறேன். அங்கிள் பெற்றோல் நிலையத்துக் கல்லாவில் நின்று ஓய்வு பெற்றவர். அந்த வீட்டில் சோபாவிலிருந்து கதவுக் கைப்பிடி வரை எல்லாம் அன்ரியின் தெரிவு. அங்கிளுக்குத் தானாக ஒன்றைத் தெரிவுசெய்து வளர்க்க ஆசை வந்தது. நாயை நடத்த முழங்கால் விடாது. பூனை என்றால் மூச்சு இழுக்கும். கிளி பேசும், பேச்சுக் கேட்டது போதும் என்றார். கழித்துக்கொண்டு போனதில் மிஞ்சியது மலைப்பாம்பு.

"முருகன்ர மயிலின்ர காலுக்குக் கீழ கிடக்கிறதை என்ர சோபாவுக்குப் பக்கத்தில வைக்கப்போறியளோ?"

"அப்ப முருகன் வீட்டிலயும் ஒண்டு நிக்குதுதானே, இஞ்சரும்."

முருகனை விட்டுக்கொடுக்க முடியாமல் அன்ரி சம்மதித்ததுதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம்.

வட லண்டன் எட்மண்டனில் பாம்பு, ஓணான் விற்கும் ஒரு கடை. துணைக்கு நானும் போனேன். மூன்று குட்டிகள் இருந்தன. ஒன்று கண்ணாடியில் முட்டிக்கொண்டிருந்தது. ஒன்று கடைக்காரப் பெண்ணின் கையில் ஏறி வாட்சைப் பார்த்தது. மூன்றாவது, தலையை நடுவில் ஒளித்துப் பந்தாகச் சுருண்டு கிடந்தது.

"இது ஏன் இப்படி?" என்றார் அங்கிள்.

"கூச்சம். இந்த வகையின் சுபாவமே அதுதான்."

"இதுதான் எனக்கு வேணும்."

கண் தெளிவு, வாய் சுத்தம், உறையவைத்த எலி சாப்பிட்டுப் பழக்கம் என்று அந்தப் பெண் எல்லாவற்றையும் காட்டினாள். சாப்பிடாவிட்டால் திருப்பிக் கொண்டுவரலாம் என்றாள். எலியைக் கொடுக்கும் முறையையும் விளக்கமாகச் சொன்னாள். அப்போது அங்கிள் பெயர் யோசித்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்துப் பெட்டியில் இருந்த ஓணானைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இங்கிலாந்தில் இதற்கு ராயல் பைதன் என்று பெயர். ராஜ பரம்பரை ஆகையால், செல்வராசா.

மலைப்பாம்பு என்று கேள்விப்பட்டு ஆட்கள் வந்தார்கள். அடுத்த தெரு முருகேசன் சோபாவுக்குப் பக்கத்தில் இருந்த கண்ணாடிப் பெட்டியைக் குனிந்து பார்த்தார்.

"யோகண்ணை, மலை எங்க?"

"வளரும்."

"இடுப்புப் பெல்ற்றை விடச் சின்னனாக் கிடக்கு."

செல்வராசா பெருத்திருந்தால்தானே. சாப்பிடவில்லை. ஒரு கிழமை பழகவிட்டு, இனிச் சமையலுக்கு ஆகாது என்று அன்ரி தலைமுழுகிவிட்ட ஒரு கிண்ணத்தில் எலியை இளகவைத்து, அங்கிள் இடுக்கியால் நீட்டினார். செல்வராசா பார்த்தார். திரும்பிக்கொண்டார். வேண்டாம் என்ற விருந்தாளியை நம்மவர்கள் லேசில் விடுவார்களா?

"கொஞ்சமெண்டாலும் சாப்பிடு ராசா. எனக்காக. ஒரு வாய்."

செல்வராசா பந்தானார்.

அடுத்த கிழமையும் அப்படியே. "கறித்தூள் போட்டுப் பிரட்டிப் பாருங்கோ அண்ணை," என்றார் முருகேசன். "வெள்ளைக்காரச் சாப்பாடு பிடிக்கேல்லப் போல."

மூன்றாவது தடவையும் தோற்றது ஒரு வெள்ளிக்கிழமை காலையில். அங்கிள் இடுக்கியோடு நிலத்தில் இருந்தார். எழும்ப முழங்கால் விடவில்லை. எழும்ப மனமும் இல்லை. அன்ரி வாசலில் நின்று தீர்ப்புச் சொன்னார்:

"கந்தசஷ்டி வருது. ஆறு நாளும் இந்த வீட்டுக்குள்ள மச்சம் மாமிசம் ஏலாது. அதுக்கு முதல் சாப்பிட்டால் இருக்கட்டும். சாப்பிடாட்டிக் கடைக்குக் கொண்டுபோய்க் குடுத்துடுங்கோ. பட்டினி கிடந்து சாகிற பாவம் எனக்கு வேண்டாம்."

சஷ்டிக்கு முதல் நாள் பின்னேரம், கடைக்குக் கொண்டுபோகும் துணிப்பையையும் பக்கத்தில் மடித்து வைத்துக்கொண்டு, அங்கிள் கடைசி எலியை எடுத்தார். நான் சோபாவில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அன்ரி வீட்டைக் கழுவுவதற்கு வாளியோடு வந்தவர் நின்றார்.

"இளகிட்டுதோ?"

"ஓம்."

வாளியை வைத்தார். காப்பு இரண்டும் மேலே போயின. எலி இருந்த பொலித்தீன் பையில் விரல்களின் முதுகை வைத்துக் கண்ணைப் பாதி மூடினார்.

"காணாது."

"என்ன காணாது?"

"சூடு. ஃபிரிட்ஜுக்குள்ளால எடுத்து அப்பிடியே நீட்டுறியளோ? ஒரு நாளாவது உங்களுக்கு நான் ஆறின சோறு போட்டனானோ?"

"இல்லை..."

"அப்ப அவனுக்கு மட்டும் ஏன்?"

அதுவரை 'அது' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

சுடுதண்ணீர் வந்தது. எலி பையோடு உள்ளே போனது. அன்ரி தொட்டார். "காணாது." இன்னும் கொஞ்சம் தண்ணீர். தொட்டார். "ம்ம்."

அங்கிள் இடுக்கியை நீட்டினார். பந்து அவிழ்ந்தது. ஒரு நாக்கு. பிறகு நடந்தது கண்ணுக்குத் தெரியவில்லை. சத்தம் மட்டும் கேட்டது. அங்கிள் இடுக்கியை எறிந்துவிட்டு என் மடியில் வந்து இருந்தார். அன்ரி வீல் என்று கத்தி வாளியைத் தட்டிவிட்டார். வெள்ளம் சோபாவின் காலை நனைத்தது. கண்ணாடிக்குள் செல்வராசா எலியைச் சுற்றி மூன்று சுற்றாக நின்றார்.

"மெதுவாடா," என்றார் அன்ரி, நெஞ்சில் கை வைத்தபடி. "விக்கப்போகுது. இஞ்சாருங்கோ, அவன்ர தண்ணிக் கிண்ணத்தைப் பாருங்கோ."

சஷ்டி ஆறு நாளும் செல்வராசா வயிற்றில் ஒரு மேட்டோடு அசையாமல் படுத்திருந்தார். இந்த வகைக்கு ஒரு சாப்பாடு ஒரு கிழமைக்குப் போதும். அன்ரி பாலும் பழமுமாக இருந்தார். வந்தவர்களிடம் "அவனும் விரதம்" என்றார்.

சூரசம்ஹாரத்தன்று கோவிலில், அன்ரியின் சிநேகிதி நகுலேஸ்வரி என்னைத் தூணுக்குப் பக்கத்தில் மறித்தார்.

"தம்பி, கனகாம்பிகைக்குச் செல்வராசா எண்டு சகோதரம் இருக்கே? இவ்வளவு காலம் பழகிறன், எனக்குச் சொல்லேல்லப் பாருமன்."

"ஏன் அன்ரி?"

"போன வெள்ளி பின்னேரம் பக்கத்தில நிண்டனான். செல்வராசா எண்ட பேரில அர்ச்சனைத் தட்டைக் குடுத்திட்டு, அவர் நல்லாச் சாப்பிடவேணும், வீட்டை விட்டுப் போகக்கூடாது எண்டு கண்ணீரும் கம்பலையுமா நிக்கிறா. ஐயர் நட்சத்திரம் கேட்டார். கொஞ்சம் யோசிச்சிட்டு, பாம்பின்ர நட்சத்திரத்தைச் சொன்னா. ஆயிலியமாம்."