கட்டைவிரலுக்குத் துளையில்லாத பந்து

முதலில் மரத்துப்போனது வலது கட்டைவிரல். ஏலக்காயை நசுக்கிப் பதம் பார்த்துக்கொண்டிருந்தேன். காய் விரலில் இருக்கிறதா, கீழே விழுந்துவிட்டதா என்பதே குனிந்து பார்த்த பிறகுதான் தெரிந்தது. குளிர் என்று நினைத்துக்கொண்டேன். போடிமெட்டுக்கு மேலே உள்ள தோட்டத்தில் காலை நேரத்தில் யாருக்குத்தான் விரல் மரக்காது?

இறங்கிப் போடி வெயிலுக்கு வந்த பிறகும் மரப்பு போகவில்லை. அப்போதுதான் பயந்தேன். பத்து விரல்களையும் ஒவ்வொன்றாகக் கிள்ளிப் பார்த்தேன். ஏழு சரி. மூன்று சரியில்லை.

மணிக்கட்டு நரம்பு நெருக்கம் என்றார் மருத்துவர் (விரல்களுக்குப் போகும் நரம்பு, மணிக்கட்டின் குறுகலான பாதையில் நசுங்குவது). கட்டைவிரலுக்கு அடியில் மேடாக இருக்க வேண்டிய சதை தட்டையாகியிருந்தது.

"கையை இறுக்கிப் பிடிக்கிற வேல என்ன செய்றீங்க?"

"தோட்டத்துல கவாத்துக் கத்தி. அப்புறம் பவுலிங்."

என் மனைவி இடையில் புகுந்தாள். "எழுபத்தோரு வயசுல பத்துக் கட்டையத் தள்ளுறதுக்கு மலை ஏறுறாரு, டாக்டர். வீட்ல ஒரு தேங்காய உடைங்கன்னா மட்டும் கை வலிக்கும்."

அவள் தம்பி மலைமேல் நடத்தும் விடுதியில், கனத்த பந்தை உருட்டிக் கோடியில் நிற்கும் பத்துக் கட்டைகளைச் சாய்க்கும் பவுலிங் ஆட்டத்துக்கு இரண்டு தடங்கள் உண்டு. என் பந்து பதினான்கு பவுண்டு, ஆறு கிலோவுக்கும் மேல். கட்டைவிரலுக்கும் மற்ற இரு விரல்களுக்குமாக அதில் மூன்று துளைகள். ஒற்றைக் கையால் வீசுகிறவர்களுக்கு உரிய பந்து அது.

மருத்துவர் அதைக் கொண்டுவரச் சொல்லி, விரலை நுழைக்கச் சொன்னார். கச்சிதமாகப் பொருந்தியது. "அளவு சரியாத்தானே இருக்கு" என்றார். எனக்கு மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. மறுமுறை தோட்டத்துக்குப் போனபோது, குளிரில் அதே துளையில் விரலை விட்டேன். லொடலொடவென்று ஆடியது.

சித்திரை வெயிலில், போடி வீட்டில் உட்கார்ந்து, பந்தில் துளை போட விரலளவு எடுத்துக் கடைக்கு அனுப்பியிருந்தேன். குளிரில் விரல் சுருங்கும். தளர்ந்த துளையிலிருந்து பந்து நழுவாதிருக்க, ஒவ்வொரு வீச்சிலும் கட்டைவிரலை மடக்கி இறுக்கியிருக்கிறேன். பச்சைக்காய் உலர்ந்தால் எவ்வளவு சுருங்கும் என்று கணக்குப் போடத் தெரிந்த ஏலக்காய்க்காரன், சொந்த விரலை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

அறுவை சிகிச்சைக்கு முன் மருத்துவர் ஒளிக்காமல் சொன்னார்: "நெருக்கத்த எடுத்துவிட்டுருவேன். உணர்ச்சி திரும்பும்னு சத்தியம் பண்ண மாட்டேன். பழையபடி இறுக்குனீங்கன்னா, திரும்பாதுன்னு சத்தியம் பண்ணுவேன்."

கட்டு பிரித்த பிறகும் சோற்றைப் பிசைய முடியவில்லை. கரண்டியால் சாப்பிட்டேன். காலையில் கண் விழித்ததும் கட்டைவிரலால் போர்வையைத் தேய்த்துப் பார்ப்பேன். யாரோ ஒருவருடைய விரல் போலிருக்கும். சட்டைப் பித்தான் ஐந்தில் மூன்றாவதோடு தோற்றுவிடுவேன். மிச்சம் இரண்டையும் மனைவி போட்டுவிடுவாள். இனி ஆயுசுக்கும் இப்படித்தானோ என்று அவளிடம் கேட்கவும் பயம்.

சதை கொஞ்சம் மேடிட்ட பிறகு விளையாட அனுமதி கிடைத்தது. மச்சினன் இரண்டு பந்துகளை எடுத்துவைத்தான்.

"இது பத்துப் பவுண்டு, மச்சான். கட்டைவிரல் துளைக்குள்ள பட்டை ஒட்டி, இங்கன குளிருக்குத் தக்கன சரி பண்ணிரலாம். அது ரெண்டு கையால வீசுறது. கட்டைவிரலுக்குத் துளையே கெடையாது."

"இடுப்பு பிடிச்சுக்கிட்டா?"

"இடுப்பு வலிச்சா இடுப்புக்கு ஒரு டாக்டர். பந்தத் தூக்குங்க, மச்சான்!"

என்னைப் போன்றவர்களுக்குச் சொல்கிறேன். ஒற்றைக் கையால் வீசுவதாக இருந்தால், விளையாடும் இடத்திலேயே விரலளவு எடுங்கள். விரலை இறுக்காமலேயே பந்து கையில் நிற்க வேண்டும், விடும்போது இழுக்காமல் விரல் வெளியே வர வேண்டும். இரு கையால் வீசினால், துளையில் இரண்டு விரல்கள் போதும். எடையை மற்றக் கை கடைசிவரை தாங்கும். இந்த வீச்சில் பந்து தானாகவே அதிகம் சுழலும். அதனால் தடத்தில் சீக்கிரம் வளைந்து ஓடாத, வழவழப்பான பந்தாகப் பாருங்கள். ஆனால் பாரம் முதுகுக்குப் போகும். அதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான் கேட்டேன், இரண்டு தடவை.

கட்டைவிரலுக்குத் துளையில்லாத பந்தையே எடுத்தேன். முதல் வீச்சு கட்டைகளைத் தொடாமலே தடத்தின் ஓரத்துப் பள்ளத்தில் விழுந்தது.

"கட்டையெல்லாம் பயந்தே போச்சு" என்றாள் மனைவி.

மறுபடி பந்தைத் தூக்கி இடது கையால் அணைத்துக்கொண்டேன். வேலையில்லாத கட்டைவிரல் பந்தின் மேல் சும்மா கிடந்தது. அதன் நுனியில் ஏதோ ஊறுவது போலிருந்தது. விரலை எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தேன். குளிர். பந்தின் குளிர். அன்று மரப்புக்குக் காரணம் என்று நான் பழி போட்ட அதே மலைக்குளிர்.

"வெரசா போடுங்க, மச்சான். ஆளுக நிக்கிறாக."

"இரு மாப்ளே."

தடத்தின் கோடியில் பத்துக் கட்டைகளும் நின்றன. நிற்கட்டும்.