படிப்புக்குத்தான் லா, பாஸ்!

மலர், சுரேன்... இந்த வாரம் உங்கள் இருவருக்காகத்தான் எழுதுகிறேன். பத்திரிகையின் பிள்ளைகள் பக்கத்தில் வருவதால் மற்ற வீட்டுப் பிள்ளைகளும் படிப்பார்கள். படிக்கட்டும்! போன சனிக்கிழமை நம் வீட்டில் நடந்த கூத்து, நாளைக்கு அவர்கள் வீட்டிலும் நடக்கத்தான் போகிறது.

முதலில் ஒரு கேள்வி. "கேம் விளையாட கம்ப்யூட்டர் வாங்கினேன்" என்று சொன்ன ஒரு தமிழ் அப்பாவை நீங்கள் பார்த்ததுண்டா? நான் கிள்ளானில் பிறந்து வளர்ந்தவன். நான் பார்த்ததில்லை. நம் தாமான் குடியிருப்பில் எந்த வீட்டு வாசலில் அட்டைப்பெட்டி வந்து இறங்கினாலும் ஒரே பதில்தான் — "பிள்ளைங்க படிப்புக்கு!" உள்ளே அந்தப் பிள்ளைகள் பேய்களைச் சுட்டுக்கொண்டிருப்பார்கள். அப்பா வாசலில் நின்று, "பையன் படிக்கிறான், சத்தம் போடாதீங்க" என்பார். துப்பாக்கிச் சத்தம் ரோடு வரை கேட்கும்.

நானும் அந்தக் கூட்டம்தான்.

பணம் உங்கள் அம்மாவுடையது. தீபாவளிக்கு முன்னால் ஊர்ப் பெண்களுக்கெல்லாம் ரவிக்கை தைத்துச் சேர்த்தது. "கம்ப்யூட்டர் இருந்தாத்தான் இனிமே படிக்க முடியுமாம்" என்று யாரோ சொல்லக் கேட்டு, அவளாகவே எடுத்து வைத்தாள். அதற்கு மேல் ஒரு காசு கிடையாது என்றும் சொல்லிவிட்டாள். ரிங்கிட்டின் மதிப்பு வேறு சரிந்துகொண்டிருக்கிறது. கம்ப்யூட்டர் கடைப் பலகைகளில் காலையில் ஒரு விலை, மத்தியானம் ஒரு விலை...

மலர், நீ அந்தப் பணத்துக்குள் ஒரு கம்ப்யூட்டரைப் பொருத்திய திறமையைச் சொல்ல வேண்டும். நான் தமிழ்ப்பள்ளி ஆறாம் வகுப்போடு நிறுத்தியவன். கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாய் பார் —

"ஹார்ட் டிஸ்க்தான் உங்க கிடங்குப்பா. ராம் வந்து ஃபோர்க்லிஃப்ட் திரும்புற இடம். இடம் சின்னதா இருந்தா எப்படித் திரும்புவீங்க?"

புரிந்துவிட்டது! "அப்ப இந்த த்ரீ-டி கார்டு எதுக்கு?"

"அது இருந்தாத்தான் ரேஸ் கேம் ஓடும்பா. இல்லன்னா காரு நின்னு நின்னு, தள்ளு வண்டி மாதிரி வரும்."

அந்த ஒரு கார்டுக்காக எத்தனை தியாகம்! ஹார்ட் டிஸ்க் சிறியது. மானிட்டர் யாரோ பயன்படுத்தியது. கேசிங் என்கிற வெளிப்பெட்டி, இருப்பதிலேயே மலிவானது. எல்லாவற்றையும் வெட்டி, கார்டை மட்டும் காப்பாற்றினாய். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "அம்மாகிட்ட சொல்லிராதீங்கப்பா" என்றாய்.

நான் தலையாட்டினேன். சுரேனுக்கும் பங்கு உண்டு என்று சொல்லி அவன் வாயையும் அடைத்தாயிற்று.

சனிக்கிழமை, அங்கே பார்க்கிங் கிடைக்காது என்று நம் காரை வீட்டிலேயே விட்டுவிட்டு, கொமுட்டர் ரயிலேறி, கோலாலம்பூர் போய், அங்கிருந்து பஸ். கம்ப்யூட்டர் கடைகள் மட்டுமே இருக்கும் அந்தக் கட்டடத்துக்கு உங்கள் அம்மா பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்தாள். நகைக் கடைக்குப் போகிற மாதிரி! கைப்பை கக்கத்தில். பிரிக்பீல்ட்ஸ் சேலைக் கடைகளில் அவள் பேரம் பேசுவதைப் பார்த்திருக்கிறீர்களே... விலை கேட்பாள், முகத்தைச் சுளிப்பாள், விறுவிறுவென்று வெளியே நடப்பாள். கடைக்காரர் பின்னாலேயே ஓடி வருவார். அதே பயிற்சியோடுதான் இங்கேயும் வந்திருந்தாள்.

கடைக்காரன் ஒரு சீனப் பையன். பாஸ் என்று கூப்பிட்டோம். மலர் சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டு, கால்குலேட்டரைத் தட்டினான். அம்மா கேசிங்கைப் பார்த்தாள்.

"இவ்ளோ காசு குடுத்து இத்தனூண்டு பெட்டியா? மேசையில வெச்சா நாலு பேரு கண்ணுக்குத் தெரிய வேணாமா?"

அந்த நேரம் பார்த்து அந்தப் பையன் என்னிடம் கேட்டான். "அங்கிள், இனி ஸ்டடி கா, மாயின் கேம்?"

படிக்கவா, விளையாடவா என்கிறான்! மலர், நீ கூரை விசிறியைப் பார்த்தாய். சுரேன், நீ குனிந்து ஷூ லேசைக் கட்டினாய். நீ போட்டிருந்தது சிலிப்பர்.

"ஸ்டடிதான் லா, பாஸ்" என்றேன். "ஸ்டடி!"

அவன் நேர்மையான வியாபாரி. பேனாவை எடுத்து த்ரீ-டி கார்டை ஒரே கோட்டில் அடித்துவிட்டான். படிக்கிற பிள்ளைக்கு இது எதற்கு, காசு வீண் என்றான். பாவி!

அம்மாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. "எவ்ளோ நல்ல புள்ள பாருங்க! அந்தக் காசுக்கு ஒரு பிரிண்டர் போடச் சொல்லுங்க."

"இல்லம்மா, அந்தக் கார்டு வேணும்!" என்று பதறினாய், மலர். "ஜியாகிரபிக்கு! மலையெல்லாம் அப்படியே சுத்தும்."

"சயின்ஸுக்கும் வேணும்" என்றான் சுரேன். "ஈரல் சுத்தும்மா."

நான் சும்மா இருந்திருக்கலாம். "கணக்குக்கும் ஆகும்" என்றேன்.

"கணக்குல என்னங்க சுத்தும்?"

கணக்கில் எனக்குச் சுற்றியது தலை மட்டும்தான்.

அம்மா எங்கள் மூவரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, நேராகப் பையனிடமே கேட்டாள். இந்தக் கார்டைப் போட்டால் என்ன வரும்?

அவனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "வா, ஆன்டி! ரேஸ் கார் சந்தேக் லா!" கார் அவ்வளவு அழகாக இருக்குமாம். மழையில் ரோடு மின்னுமாம். டயர் புகை கூடத் தெரியுமாம்!

"எந்தக் காரு?" என்றாள் அம்மா.

பிறகு மலர், நீதான் வாயைத் திறந்தாய். "கேம்மா. ரேஸ் கேம். படிப்புக்கு இந்தக் கார்டு தேவையே இல்ல."

"உங்கப்பாவுக்குத் தெரியுமா?"

நீ என்னைப் பார்த்தாய். ஆனால் காட்டிக்கொடுக்கவில்லை. "தெரியும்" என்று நானே சொன்னேன்.

"இவனுக்கு?"

"எனக்குப் பாதிதான்மா தெரியும்" என்றான் சுரேன்.

"அப்ப நான் ஒருத்திதான் ஸ்டடி?"

கைப்பையை 'டக்'கென்று மூடினாள். எழுந்தாள். விறுவிறுவென்று வெளியே நடந்தாள்.

பையனுக்கு என்ன தெரியும்? ஆன்டி பேரம் பேசுகிறாள் என்று நினைத்துவிட்டான். "ஆன்டி! ஆன்டி! போலே குராங் லா!" என்று பின்னாலேயே கத்தினான். குறைத்துக்கொள்ளலாமாம். அவள் நிற்கவில்லை. இன்னும் குறைத்தான். அவள் திரும்பவில்லை.

விலை இறங்கியதைக் கேட்டும் உங்கள் அம்மா திரும்பாமல் போனது அன்றைக்குத்தான். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

எஸ்கலேட்டர் பக்கத்துப் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். மலர், நீ ஓடிப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாய். நான் சற்றுத் தள்ளி நின்றேன். ஒட்டுக்கேட்டேன் என்று சொல்லாதீர்கள்... காதில் விழுந்தது.

"பொய் சொல்லி வாங்கற அளவுக்கு நான் யாருடி?"

"கேம்னு சொன்னா நீங்க தந்திருப்பீங்களா?"

"தந்திருக்க மாட்டேன். அதுக்காக? நீ கேட்டு, நான் முடியாதுன்னு சொல்லி, நீ அழுது, நான் கத்தி, உங்கப்பா நடுவுல வந்து மாட்டி... அதெல்லாம் நடக்கணும்ல? என்னை விட்டுட்டு நீங்க மூணு பேரும் பேசி முடிச்சுட்டா, வீட்டுல நான் எதுக்கு? தைக்கிற மெஷினா?"

நீ அழுதாய். "வேணாம்மா. பிரிண்டரே வாங்கலாம்" என்றாய். நடிப்பில்லை. நிஜமாகவே சொன்னாய்.

அம்மா முந்தானையால் உன் கண்ணைத் துடைத்துவிட்டாள். பிறகு, "அந்தக் காரை ஒருத்தர்தான் ஓட்டணுமா?" என்றாள்.

"ரெண்டு பேர் ஓட்டலாம்மா. ஸ்க்ரீன் ரெண்டாப் பிரியும்."

"கியர் உண்டா?"

"ஆட்டோவும் இருக்கும்மா."

"ஆட்டோ எதுக்கு? நான் கியர் வண்டியிலதான் லைசென்ஸ் எடுத்தேன்."

திரும்பக் கடைக்குள் வந்தாள். பாஸைப் பார்த்து, "கடைசியா கத்தினியே ஒரு வெலை... அதுதானே?" என்றாள். தமிழில்தான் கேட்டாள். அவனுக்குப் புரிந்துவிட்டது. தலையில் கை வைத்துக்கொண்டான்.

பிரிண்டர் இல்லை. பெரிய பெட்டி இல்லை. மலரின் கணக்குப்படியே எல்லாம். மூலையில் நசுங்கியிருந்த ஒரு கேசிங்கைக் காட்டி, அதற்கும் தனியாகக் குறைத்தாள். பில் எழுதும்போது பையன் சந்தேகத்தோடு மறுபடி கேட்டான் — "ஸ்டடி கா, கேம்?"

"கேம் லா, தம்பி!" என்றாள் உங்கள் அம்மா. பக்கத்துக் கடைக்காரன் எட்டிப் பார்த்தான்.

ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும். முதலில் ஓட்டியது யார்? முதல் வளைவிலேயே சுவரில் மோதியது யார்? ரிவர்ஸில் போய் எதிரே வந்த கார்க்காரனை, "கண்ணு தெரியல?" என்று திட்டியது யார்? சுரேன், நீதான் சிரித்துக்கொண்டே கேட்டாய், "அம்மா, நெஜமாவே உங்களுக்கு ஓட்டத் தெரியுமா?"

"வருஷா வருஷம் போஸ்டாபீஸ்ல போயி லைசென்ஸைப் புதுப்பிக்கிறேன், தெரியாமலா?" என்றாள். கண் ஸ்க்ரீனை விட்டு நகரவில்லை. "ஏன் ஓட்டலன்னு உங்கப்பாவைக் கேளு. நம்ம கார் சாவி அவரு பாக்கெட்டுல பொறந்தது."

நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். கொஞ்சம் தாமதமாக.

இது பிள்ளைகள் பக்கம். 'பெற்றோரிடம் பொய் சொல்லக் கூடாது' என்று நான் எழுத வேண்டும். எழுதிவிட்டேன். 'அம்மாவை விட்டுவிட்டு முடிவெடுக்காதீர்கள்' என்று அப்பாக்களுக்கு எழுத ஒரு பக்கம் இருந்தால் அதிலும் எழுதுவேன். பத்திரிகை ஆசிரியர் இடம் தர மாட்டேன் என்கிறார்.

நேற்று நீங்கள் இருவரும் பள்ளிக்கூடம் போய்விட்டீர்கள். அம்மா காய்கறி வாங்க பாசாருக்கு நடந்து போயிருந்தாள். நான் தனியாகப் போய், வாசலில் நின்ற நம் காரில் உட்கார்ந்தேன். டிரைவர் சீட்டை, அவள் கால் எட்டுகிற அளவுக்கு முன்னால் இழுத்து வைத்தேன். பின்னால் பார்க்கிற கண்ணாடியை அவள் உயரத்துக்குச் சற்று இறக்கினேன். சாவியை அவளுடைய தையல் மெஷின் மேல் வைத்தேன்.

அப்புறம் வெளியே வந்து, கேட் ஓரம் இருந்த பூச்சட்டிகளையெல்லாம் — எதற்கும் இருக்கட்டும் என்று — உள்பக்கமாகத் தள்ளி வைத்தேன்.