தேதி சொல்லாத குரல்

வயதில் பெரியவர்கள்கூட அவளைத் தண்ணியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். குடிநீர் அலுவலகத்தில் புகார் எழுதும் வேலைக்கு அவள் வந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. மேல்நிலைத் தொட்டியின் காலடியில் இரண்டே அறை. முன் அறையில் அவளுடைய மேசை, புகார் நோட்டு, ஒரு தொலைபேசி. எந்தத் தெருவில் குழாய் உடைந்தாலும் அந்தத் தெருவின் கோபம் முதலில் அவள் காதில்தான் வந்து விழும். "உங்க வீட்டுல மட்டும் தண்ணி வருதாக்கும்?" என்று யாராவது எகிறினால், "எங்கேங்க வருது, நேத்துப் பிடிச்ச அரைக் குடத்துல குளிச்சுட்டு வந்து உக்காந்திருக்கேன்" என்பாள். பாதிக் கோபம் அங்கேயே வடிந்துவிடும்.

நான்கு வருஷத்துக்கு முன் அலுவலகத்துக்கென்று ஒரு கைப்பேசி வாங்கிக் கொடுத்து, தெருவாரியாகக் குழு ஆரம்பிக்கச் சொன்னார்கள். ஆறு குழு, மூவாயிரத்துச் சொச்சம் வீடு. எழுதிப் போட்டால் யாரும் படிப்பதில்லை என்று இரண்டே வாரத்தில் தெரிந்துபோயிற்று. அதனால் பேசிப் போட ஆரம்பித்தாள்.

மூவாயிரம் வீட்டை நினைத்தால் அவளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே ஒரே ஒரு ஆளை நினைத்துக்கொண்டு பேசுவாள். அது அவளுடைய நாத்தனார். நாத்தனாருக்குக் காது நன்றாகவே கேட்கும், கவனம்தான் கொஞ்சம் மந்தம். அடுப்பில் ஒரு கண், வாசலில் ஒரு கண், போனில் அரைக்காது. 'இவளுக்குப் புரிஞ்சா ஊருக்கே புரியும்' என்பது தண்ணியக்காவின் கணக்கு. தேதி சொன்னால் நாத்தனார் காலண்டரைத் தேடிக்கொண்டு போய்விடுவாள், மிச்சத்தைக் கேட்கமாட்டாள். அதனால் "இன்னைக்கு", "நாளைக்குக் காலையில" என்று மட்டும் சொல்வாள். பேசி முடித்ததும் ஒரு நொடி கண்ணை மூடி, "கடவுளே, என் வாயால பொய் வந்துடக் கூடாது" என்று வேண்டிக்கொண்டு அனுப்புவாள்.

தையல் கடை வைத்திருக்கும் அவள் கணவருக்கு இதில் ஒரு கிண்டல். "வீட்டுல பேசுறது பத்தாதுன்னு ஊருக்கும் பேசக் கிளம்பிட்டியா?"

"ஊர்ல பேசினா கேக்குறாங்க. வீட்டுல யாரு கேக்குறாங்க?"

போன வருஷம் கோடையில் பெரிய குழாய் உடைந்து, தண்ணீரில் சேறு கலந்துவிட்டது. அன்றைக்கு அவள் பேசிப் போட்டது இது: "தண்ணியக்கா பேசுறேன். இன்னைக்குக் குழாயில சேறு கலந்து வருது. யாரும் குடிக்காதீங்க. வீட்டுல இருக்கிற எல்லாக் குழாயையும் திறந்து அரை மணி நேரம் ஓட விடுங்க. தெளிஞ்சப்புறம் பிடிச்சுக்கோங்க." ஊரே சொன்னபடி செய்தது. ஒருவருக்கும் வயிற்றுவலி வரவில்லை. கடவுள் புண்ணியம் என்று அவளும் அதை மறந்துவிட்டாள். ஆனால் பேசியது பேசியபடியே ஊரார் போன்களில் கிடந்தது.

இந்த வருஷம், ஒரு செவ்வாய்க்கிழமை. முதல் மழை பெய்து இரண்டு நாள் ஆகியிருந்தது. மேட்டுத் தெருவில் ஒரு வீட்டில் பழைய குழாயை மாற்றியபோது துரு கலந்த தண்ணீர் கொஞ்சம் வந்தது. அந்த வீட்டுக்காரம்மாவுக்குப் போன வருஷத்து ஞாபகம். பழைய குரல் பதிவைத் தேடி எடுத்துத் தன் தங்கைக்கு அனுப்பினாள். தங்கை அவள் தெருவுக்கு அனுப்பினாள், அங்கிருந்து ஊர் முழுக்கப் போயிற்று. மழை வேறு பெய்திருந்தது. சேறு கலந்திருக்கும் என்று யாரும் சந்தேகப்படவில்லை. சொல்வது தண்ணியக்காவின் குரல். சந்தேகப்பட என்ன இருக்கிறது?

பத்து மணிக்கு நாத்தனாரிடமிருந்து போன் வந்தது. "அண்ணி, நீ சொன்ன மாதிரி மூணு குழாயையும் திறந்துட்டேன். அரை மணி ஆச்சு. பளிச்சுன்னுதான் வருது. இன்னும் ஓடட்டுமா?"

"நான் எப்போடி சொன்னேன்?"

"இப்பத்தானே சொன்னே! உன் குரல் எனக்குத் தெரியாதா?"

அவள் பதில் சொல்வதற்குள், தொட்டி வால்வைத் திறந்து மூடும் வால்வுக்காரர் தலையில் துண்டோடு ஓடிவந்தார். "அக்கா, ஊருக்கு என்ன சொன்னீங்க? தொட்டியில காலையில ஒம்பது அடி இருந்துச்சு. இப்ப ஏழு. என் கண்ணு முன்னாடியே இறங்குது."

தொட்டியின் அடியில் மூன்று அடி வரை மண்டி படிந்து கிடக்கும். தண்ணீர் அந்த அளவுக்கு இறங்கினால் மண்டி கலங்கி, குழாய் வழியாக எல்லா வீட்டுக்கும் போய்விடும். போன வருஷத்துப் பேச்சு இந்த வருஷம் நிஜமாகிவிடும். வால்வை மூடினால்? "மூடினா மேட்டுத் தெரு ஆஸ்பத்திரிக்கும் சேர்த்துத்தான் தண்ணி நிக்கும்" என்றார் வால்வுக்காரர்.

அவள் போனை எடுத்துப் பேசினாள். "அது பழசு, யாரும் நம்பாதீங்க. குழாயை மூடுங்க." ஆறு குழுவிலும் போட்டாள். உடனே பதில்கள் வந்து விழுந்தன.

"எது பழசு? இதுவா, அதுவா?"

"அக்கா, போன வருஷமும் அப்புறமா மூடச் சொன்னீங்களே, அந்த வாய்ஸா இது?"

"ரெண்டும் உங்க குரல்தான். எதைக் கேக்குறது?"

இதற்குள் பின் அறையிலிருந்து மக்கள் தொடர்பு அதிகாரி வந்தார். தலைமை அலுவலகத்திலிருந்து வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. நல்ல மனிதர், யாரையும் கடிந்து பேசமாட்டார். அலுவலக முத்திரையோடு ஒரு படம் தயார் செய்து குழுக்களில் போட்டார். 'சமூக வலைதளங்களில் பரவி வரும் தகவல் உண்மைக்குப் புறம்பானது. பொதுமக்கள் அதனைப் பொருட்படுத்த வேண்டாம்.'

கீழே ஒருவர் எழுதினார்: "தண்ணியக்கா சொன்னது உண்மைக்குப் புறம்பா? இந்தப் படம்தான் புறம்பு."

"ஆறடி!" என்று வெளியிலிருந்து வால்வுக்காரர் கத்தினார்.

"சார், நான் இன்னொரு தடவை பேசுறேன்" என்றாள் அவள். "தேதி சொல்லாம விட்டது என் தப்புதான்னு சொல்லிடுறேன்."

அதிகாரி பதறினார். "அப்படி மட்டும் சொல்லாதீங்கம்மா. 'தவறு நேர்ந்துவிட்டது'ன்னு சொல்லுங்க, போதும்."

"யாரு பண்ணின தப்புன்னு கேப்பாங்களே சார்?"

"அதெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க."

"என் நாத்தனார் கேப்பா."

அவள் போனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். இன்னொரு தரம் பேசினாலும் இது இன்றைக்குப் பேசியதுதான் என்று மக்கள் எதை வைத்து நம்புவார்கள்? தேதி சொன்னாலும் காலண்டரைப் பார்க்க யாருக்குப் பொறுமை? அப்போது முழங்கையில் சில்லென்று ஒரு துளி விழுந்தது. நிமிர்ந்து பார்த்தாள். வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது, கூடவே தூறிக்கொண்டும் இருந்தது. நின்ற இடத்திலேயே பேச ஆரம்பித்தாள்.

"தண்ணியக்கா பேசுறேன். இப்ப, இந்த நிமிஷம் பேசுறேன். நம்பலைன்னா ஜன்னல் வழியா எட்டிப் பாருங்க, வெயிலும் அடிக்குது, தூறலும் போடுது. பாத்தீங்களா? சரி. காலையில இருந்து சுத்துற வாய்ஸும் நான் பேசினதுதான். ஆனா அது போன வருஷம் பேசினது. அதுல நான் தேதி சொல்லலை. தப்பு என்னோடது, வேற யார் மேலயும் இல்லை. இன்னைக்குத் தண்ணி நல்லா இருக்கு. எல்லாரும் திறந்து விட்டதால தொட்டி காலியாகுது. குழாயை மூடுங்க. மூடிட்டுப் பக்கத்து வீட்டுல போய் வாயால சொல்லுங்க. இதை யாருக்கும் அனுப்பாதீங்க. தூறல் நின்னா இதுவும் பழசாயிடும்."

வழக்கம்போல் கண்ணை மூட அவளுக்கு நேரமில்லை. அப்படியே அனுப்பிவிட்டாள்.

வால்வுக்காரர் தொட்டியின் வெளிப்புறம் இருந்த அளவுகோலுக்குக் கீழே நின்றுகொண்டு, பிரசவ அறை வாசலில் நிற்பவரைப் போலத் தவித்தார். ஐந்தரை. ஐந்து. நாலரை. அதிகாரி குடையைக்கூட எடுக்காமல் வந்து பக்கத்தில் நின்றார். நாலு. முள் இன்னும் கொஞ்சம் இறங்கியது. பிறகு அசையவில்லை.

"நின்னுடுச்சுக்கா" என்று வால்வுக்காரர் மெதுவாகச் சொன்னார். உரக்கச் சொன்னால் மறுபடி இறங்கிவிடும் என்று பயந்தாரோ என்னவோ.

அன்று மேட்டுத் தெருவில் தண்ணீர் நூல் மாதிரிதான் வந்தது. திட்டினார்கள், வாங்கிக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்குத் தண்ணீர் நிற்கவில்லை. இரண்டு நாள் கழித்துத் தலைமை அலுவலகம் விளக்கம் கேட்டது. 'நான் தேதி சொல்லவில்லை. இனிமேல் சொல்வேன்' என்று இரண்டே வரி எழுதிக் கொடுத்தாள். அதிகாரி அதைப் படித்துவிட்டு, மாற்றி எழுதப் பேனாவை எடுத்தார். என்ன நினைத்தாரோ, மூடியைப் போட்டு அப்படியே அனுப்பிவிட்டார்.

வேலை போகவில்லை. ஆனால் வேறொன்று போயிருந்தது. அடுத்த வாரம் தொட்டி கழுவ வேண்டியிருந்தது. "இன்னைக்கு வியாழக்கிழமை, இருபத்திமூணாம் தேதி. நாளைக்கு, இருபத்திநாலாம் தேதி, மத்தியானம் வரைக்கும் தண்ணி வராது" என்று பேசிப் போட்டாள். ஐந்து நிமிஷத்தில் தொலைபேசி மணி அடித்தது.

"அக்கா, இது இன்னைக்குச் சொன்னதுதானே?"

"இன்னைக்குத்தாங்க. நான்தான் பேசினேன்."

வைத்ததும் மறுபடி அடித்தது. மறுபடியும். அன்றைக்கு மட்டும் எழுபத்திரண்டு பேர். முன்பெல்லாம் அவள் சொன்னால் ஒருவரும் திருப்பிக் கேட்டதில்லை. அதை நினைத்துக்கொண்டே அடுத்த அழைப்பை எடுத்தாள்.

அதிகாரிக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "தானாப் பதில் சொல்ற மாதிரி ஒரு மெஷின் வச்சிடலாமாம்மா?"

"வேணாம் சார். மெஷினும் என் குரல்லதானே சொல்லும்? அது எப்பச் சொன்னதுன்னு கேக்க எனக்கே போன் பண்ணுவாங்க."

ஒவ்வொருவருக்கும் அவளே பதில் சொன்னாள். அடுத்த மாதம் பேசிப் போட்டபோது ஐம்பது பேர் கேட்டார்கள், அதற்கடுத்த மாதம் முப்பது. வருஷம் ஒன்று முடியும்போது எண்ணிக்கை ஏழு எட்டில் வந்து நின்றது. அதற்குக் கீழே இறங்கவில்லை. அந்த ஏழு எட்டுப் பேரின் குரல் அவளுக்கு இப்போது அத்துப்படி. மணி அடித்து, எடுத்ததும், அவர்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறாள்:

"இன்னைக்குத்தாங்க. நான்தான்."