இல்லாத நாட்டு சாக்ஸபோன்

எங்கள் வீட்டு சாக்ஸபோன் லண்டனிலிருந்து வந்தது என்பதில் பத்து வயதுவரை எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. மிஷனரி துரை ஒருவர் நாடு திரும்பும்போது அதை எங்கள் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனார் என்று பெரியப்பா சொல்வார். பாறசாலையிலிருந்து வெள்ளறடை போகும் வழியிலுள்ள எங்கள் சபையில் அவர் கமிட்டி அங்கத்தினர். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். பாட்டா, அதாவது அப்பாவின் அப்பா, அதை வாசித்தாராம். நான் பிறக்கும் முன்பே அவர் இறந்துவிட்டார். பிறகு ஞாயிறு ஆராதனையில் வாசித்தது மாமி, அப்பாவின் அக்கா. மற்ற நாட்களில் அவர் நெய்யாற்றின்கரையில் ஒரு லேபில் இரத்தம் பரிசோதித்துக்கொண்டிருந்தார்.

அந்த வருடம் சபையின் ஆண்டுவிழாவுக்குப் பழைய பொருட்களைக் கண்காட்சியாக வைக்க முடிவாயிற்று. சாக்ஸபோனுக்கும் ஒரு கண்ணாடிப் பெட்டி. அருகில் வைக்கும் அட்டையில் எந்தக் கம்பெனி, எந்தக் காலம் என்று எழுத வேண்டும். லேபில் வேலை செய்கிறவர் அல்லவா, மாமிக்குச் சோதித்துப் பார்க்காமல் எழுத மனம் வரவில்லை. போனில் படமெடுத்து, பழைய சாக்ஸபோன்களை இனம் காணுகிற ஒரு குழுவுக்கு அனுப்பினார்.

எந்த ஊரிலிருந்தோ ஒருவர் பதில் எழுதினார். பொறித்திருக்கும் பெயரை நம்பாதீர்கள், விற்ற கடைக்காரனின் பெயரையே தொழிற்சாலைகள் பொறித்துக் கொடுத்துவிடும் என்றார். துளைகளை அடைக்கும் மூடிகள் எந்தப் பக்கம் இருக்கின்றன, அவற்றின் மேலுள்ள காவல் கம்பிகள் எப்படி வளைந்திருக்கின்றன என்று கேட்டார். கடைசியாக, வலது கட்டைவிரல் தாங்கும் கொக்கிக்குக் கீழே துடைத்துப் பார்க்கச் சொன்னார்.

துடைத்தது நான். அழுக்கு போனதும் ஒரு எண் தெரிந்தது. அதற்கடியில் பொடி எழுத்துகள். எழுத்துக் கூட்டிப் படித்தேன். செக்கோஸ்லோவாக்கியா. பள்ளி அட்லஸை எடுத்து ஐரோப்பா முழுவதும் விரலால் தேடினேன். அப்படி ஒரு நாடே இல்லை.

பெரியப்பாவுக்கு அது போதுமானதாக இருந்தது. "இல்லாத நாட்டிலயா உண்டாக்கினான்? லண்டனாக்கும். எல்லுன்னு எழுதியிருக்கத பாரு." சாக்ஸபோனின் விரிந்த வாய்ப்பகுதியில் பூக்கொடிகளுக்கு நடுவே தேய்ந்துபோன எழுத்துகளில் ஓர் 'எல்' மட்டும் நன்றாகத் தெரியும் என்பது உண்மைதான்.

மாமி அதன்மேல் மெல்லிய தாளை வைத்து என்னைப் பென்சிலால் தேய்க்கச் சொன்னார். 'எல்'லுக்கு முன்னால் இரண்டு எழுத்துகள் எழுந்துவந்தன. பின்னால் ஐந்து. கல்கத்தா.

அந்தத் தாளோடு மாமி பின்புறம் போனார். பெரியப்பா கொடியில் ரப்பர் ஷீட் காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணா, இது கல்கத்தாவில உள்ள கடையாக்கும். நம்பரை போனில அனுப்பினேன், அந்த ஆளு பாத்துச் சொல்லிட்டாரு. துரை போய் எத்தனையோ வருசத்துக்குப் பொறவு செஞ்சது. அப்பா கல்கத்தாவுக்குப் போனாரா?"

பெரியப்பா ஒரு ஷீட்டைத் திருப்பிப் போட்டார். பிறகு என்னைப் பார்த்து, "எட்டி, நீ உள்ள போ" என்றார். நான் ஷீட் அடிக்கும் மெஷினுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

"போனாரு," என்றார். "நீயும் தம்பியும் பொறக்கதுக்கு முன்ன. சர்க்கஸ்காரங்க கூட பேண்டு வாசிக்க. ஆறு வருசம். ஒரு கடுதாசி கிடையாது. திரும்பி வந்தப்பம் கையில இது மட்டும் உண்டு."

"பொறவு எதுக்கு துரைன்னு சொன்னிய?"

"நீதான் கேட்ட, இது எங்கேருந்து வந்துதுன்னு. அப்பாவுக்க மடியில இருந்துகிட்டு கேட்ட. நான் என்னத்த சொல்ல?"

மாமி தாளை நாலாக மடித்தார். எனக்கோ ஒரு திருடனைப் பிடித்துவிட்ட சந்தோஷம். உண்மை தெரிந்துவிட்டது, இனி அட்டையில் எழுதவேண்டியதுதான் பாக்கி.

மாமி எழுதினார், தமிழில் ஒரு வரி, மலையாளத்தில் ஒரு வரி: லண்டன், மிஷனரி துரையின் அன்பளிப்பு. கோயிலில் பொய் எழுதி வைப்பது பாவம் என்று நான் சண்டை போட்டேன். "இருக்கட்டும் மக்கா" என்றார் மாமி. என் மனசாட்சி கேட்கவில்லை. அட்டையின் அடியில் பென்சிலால் செக்கோஸ்லோவாக்கியா என்று எழுதிவைத்தேன்.

விழாவன்று பெரியப்பா கண்ணாடிப் பெட்டி அருகே நின்று, வந்தவர்களுக்கெல்லாம் துரையின் கதையைச் சொன்னார். மாமி பக்கத்தில் நின்று தலையாட்டினார். பெரியப்பாவோடு சிறுவயதில் ஒன்றாகத் திரிந்த ஒரு கிழவர், "ஆமா, துரை தந்ததாக்கும். எனக்கு ஓர்மை உண்டு" என்றார். அவருக்கு எப்படி அது நினைவிருக்க முடியும் என்று நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன், சரிவரவில்லை. பெரியப்பா என் பென்சில் எழுத்தைக் குனிந்து படித்தார். என்னை ஒருமுறை பார்த்தார். அழிக்கவில்லை. பிறகு மாமி பெட்டியைத் திறந்து சாக்ஸபோனை எடுத்து ஆராதனைக்கு வாசித்தார். எப்போதும்போல நன்றாகத்தான் வாசித்தார்.

மதியம் எல்லோரும் எங்கள் வீட்டில் சாப்பிட்டோம். மாமிதான் பரிமாறினார். பெரியப்பாவின் இலைக்கு முன்னால் வந்ததும் கரண்டியோடு நின்றுவிட்டார்.

"அண்ணா, அந்த ஆறு வருசம் வீட்டில என்னத்த தின்னிய?"

"கெழங்கு," என்றார் பெரியப்பா. "நான் பள்ளிக்கூடத்த விட்டுட்டு செங்கல் சூளைக்குப் போனேன். உள்ள நாளு கெழங்கு உண்டு."

மாமி கரண்டியை வைத்துவிட்டு அடுக்களைக்குள் போனார். வெகுநேரம் வெளியே வரவில்லை. எட்டிப் பார்த்தேன், சுவர்ப் பக்கம் திரும்பி நின்று அழுதுகொண்டிருந்தார். மரச்சீனிக் கிழங்கு எங்கள் வீட்டில் வாரத்துக்கு மூன்று நாள் உண்டு. மீன் குழம்போடு எனக்கு அது மிகவும் பிடிக்கும். அதற்காக ஒருவர் ஏன் அழவேண்டும் என்று யோசித்துக்கொண்டே திரும்பிவந்து, என் இலையில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தேன்.