கறுப்புக்குள் இருந்த கை

சம்மட்டிக்கு அந்தப் பெயர் குத்துச்சண்டை மேடையில் கிடைத்தது. அவனுடைய வலக்கை விலாவில் விழுந்தால், விழுந்தவன் மறுநாள் தும்முவதற்கே பயப்படுவான். பிறகு மேடை போயிற்று, இடக்கண் போயிற்று, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. இப்போது அவனுக்குப் பழைய கட்டடங்களை இடிக்கிற வேலை. கையில் நிஜமான சம்மட்டியே இருக்கிறது. இயந்திரம் நுழையாத சந்தில், பக்கத்து வீட்டுச் சுவரில் ஒரு கீறல்கூட விழாமல் இந்த வீட்டுச் சுவரை மட்டும் சாய்க்க வேண்டுமென்றால் மேஸ்திரி அவனைத்தான் கூப்பிடுவார். செங்கல்லிடம் காட்டிய அந்த நிதானத்தில் கால்வாசியை அவன் மனிதர்களிடம் காட்டியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

கோபம் அவனுக்கு மூக்கு நுனியில் குடியிருந்தது. பஸ்ஸில் தோளில் இடித்த ஒருவனை அடுத்த நிறுத்தம் வருவதற்குள் கீழே இறக்கியிருக்கிறான், படிக்கட்டு வழியாக அல்ல. மேல்மாடிக்காரன் தண்ணீர் மோட்டாரைப் பற்றி ஏதோ முணுமுணுத்தான் என்று அவன் வீட்டுக் கதவைத் தாழ்ப்பாளோடு பெயர்த்துக் கையில் கொடுத்தான். அதிலும் இடப்பக்கத்திலிருந்து யாராவது திடீரென்று பேசிவிட்டால் தீர்ந்தது; முதலில் கை போகும், பிறகுதான் முகம் திரும்பும். அதனால் அவனோடு வெளியே போகும்போது அவன் மனைவி எப்போதும் இடப்பக்கமாகவே நடப்பாள். மற்றவர்களுக்கும் அவனுக்கும் நடுவில் அவள்தான் வேலி.

அவள் சட்டைத் தொழிற்சாலையில் தையல் சரிபார்க்கிறவள். கறுப்புத் துணியில் கறுப்பு நூல் எங்கே பிசகியிருக்கிறது என்று நாள் முழுக்கப் பார்ப்பது வேலை. அவளுக்கு ஒரே ஒரு அண்ணன். அந்த அண்ணனோடு பல வருஷமாக ஒரு வார்த்தை இல்லை. காரணம் சம்மட்டியின் இடக்கண்.

அண்ணனும் சம்மட்டியும் ஒரே கூடத்தில் பயிற்சி செய்தவர்கள், ஒரே வாளியில் முகம் கழுவியவர்கள். அந்தப் பழக்கத்தில்தான் கல்யாணமே நடந்தது. கல்யாணமான அடுத்த வருஷம் இறுதிப் போட்டியில் இரண்டு பேரும் எதிரெதிரே வந்து நின்றார்கள். மேடையில் எப்படி அடித்துக்கொண்டாலும் வீட்டுக்கு ஒரே வண்டியில் திரும்புவது என்று பேச்சு. கடைசிச் சுற்றில் இருவரும் கட்டிப் பிடித்து உரசிக்கொண்டு நின்றபோது நடுவர் நடுவே புகுந்து நிறுத்தச் சொன்னார். அதற்குப் பிறகு ஒரு குத்து விழுந்தது. சம்மட்டியின் இடக்கண்ணுக்குள் ஏதோ கிழிந்தது. ஒரே வண்டியில் திரும்பவில்லை. ஒருவனை ஆம்புலன்ஸ் கொண்டுபோனது.

நிறுத்தச் சொன்ன பிறகு அடித்தான், துரோகி, என்பது சம்மட்டியின் கட்சி. நீதான் முதலில் அடித்தாய் என்று மச்சான் ஒரே ஒரு தடவை, ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நின்று சொன்னான். கண்ணில் கட்டோடு படுத்திருப்பவனைப் பார்த்து அப்படிச் சொன்னதற்கு உறவுக்காரர்கள் அத்தனை பேரும் அவனைக் காறித் துப்பினார்கள். அதோடு அவன் வாயை மூடிக்கொண்டான். நான் வேண்டுமா உன் அண்ணன் வேண்டுமா என்று சம்மட்டி கேட்டான். ஒற்றைக் கண்ணோடு கேட்கிறவனிடம் என்ன பதில் சொல்வது? அவள் அண்ணனை விட்டாள். விட்டுவிட்டு, குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள்.

போன வாரம் பஸ் நிறுத்தத்தில் மச்சான் எதிரே வந்து நின்றான். இதே ஊருக்கு வேலை மாற்றலாகி வந்திருக்கிறானாம். எப்படியிருக்கே என்று கேட்க வாயைத் திறந்தான், அவ்வளவுதான். சம்மட்டியின் வலக்கை அந்த வாயிலேயே இறங்கியது. மச்சான் கம்பியில் மோதி உட்கார்ந்தான். சம்மட்டி சட்டையைப் பிடித்துத் தூக்கி இன்னொன்று கொடுத்தான். உதடு பிளந்து சட்டையெல்லாம் ரத்தம். நின்றிருந்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். அப்போதும் மச்சான் கையை ஓங்கவில்லை. பல்லைத் துப்பி உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னான்:

"மாப்ள, நீ அதை இன்னும் அந்த ஓட்ட டிவிலதான் பாக்குறியா? நல்ல டிவி ஒண்ணு வாங்கிப் பாரு."

அந்த வார்த்தைதான் சம்மட்டியைப் பிடித்து ஆட்டியது. போட்டியை யாரோ நல்ல கேமராவில் எடுத்து இரண்டு பேருக்கும் கொடுத்திருந்தார்கள். அந்தப் பதிவு ஒரு பென் டிரைவில் அவனிடம் இருந்தது. வருஷக்கணக்காக அதைப் போட்டுப் போட்டுக் கோபத்தைக் காய்ந்து போகாமல் வைத்திருந்தான். வீட்டுக்கு வந்து மறுபடி போட்டான். மச்சானின் கை மேலே வருகிறது, தன் தலை பின்னால் தெறிக்கிறது. அது தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் அதற்கு முந்திய நொடியில், இடுப்புக்குக் கீழே, எல்லாம் ஒரே கரிக்கட்டி. இரண்டு பேருக்கும் கறுப்புக் கையுறை, கறுப்புக் கால்சட்டை, நடுவருக்கும் கறுப்புப் பேன்ட். முன்னே தள்ளி, பின்னே தள்ளி, முகத்தைத் திரையில் ஒட்டிவைத்துப் பார்த்தான். கடைசியில் பொறுக்காமல் திரையின் நடுவிலேயே ஒரு குத்து விட்டான். கண்ணாடி விரலுக்குள் ஏறியது. மனைவி இடுக்கியை எடுத்து வந்து சில்லுகளைப் பிடுங்கினாள்.

"பெரிய டிவியா வாங்குறேன். அவன் அடிச்சது பளிச்சுன்னு தெரியட்டும். அப்புறம் அவனுக்குச் சாப்பிட ஒரு பல்லுகூட மிஞ்சாது," என்றான்.

சொன்னால் செய்கிறவன் என்பது அவளுக்குத் தெரியும். அவளுடைய அண்ணன் உயிரோடு நடமாடுவதும் இவன் ஜெயிலுக்குப் போகாமல் இருப்பதும் இப்போது ஒரு டிவி வாங்குவதில் வந்து நின்றது. அவளும் கூடவே கிளம்பினாள்.

கடை ஒரு தளம் முழுக்க டிவி. எல்லாத் திரையிலும் பூ விரிந்தது, மீன் நீந்தியது. அங்கே இருந்த விற்பனையாளர் கழுத்தில் டையும் வாயில் தேனுமாக வந்தார். எத்தனை அங்குலம், அறை எவ்வளவு பெரிது, எவ்வளவு தூரத்தில் உட்காருவீர்கள் என்று கேட்டார். சம்மட்டி பென் டிரைவை நீட்டினான். இது எதில் நன்றாகத் தெரிகிறதோ அது வேண்டும் என்றான். தேன் கொஞ்சம் உறைந்தது.

முதலில் சாதாரண எல்இடி. பின்னால் விளக்கு எப்போதும் எரியும், முன்னால் இருக்கிற திரை அதை மறைத்தும் திறந்தும் படம் காட்டும் என்றார் அவர். மறைத்தாலும் கொஞ்சம் கசியும், மூடிய கதவிடுக்கில் வெளிச்சம் வருகிற மாதிரி. அதில் கறுப்பு வெறும் சாம்பலாக இருந்தது. கை எது, கால்சட்டை எது என்று பிரியவில்லை. அடுத்தது க்யூஎல்இடி. நிறம் கண்ணைப் பறித்தது. மச்சானின் மூக்கிலிருந்து வடிந்த ரத்தம் அப்போதுதான் வடிந்ததுபோல் சிவந்தது. பக்கத்தில் குழந்தையோடு நின்றிருந்த ஒரு குடும்பம் மெல்ல வாஷிங் மெஷின் பக்கம் நகர்ந்தது. ஆனால் இடுப்புக்குக் கீழே அதிலும் அதே கரிதான்.

மூன்றாவதாக ஒரு டிவியில் போட்டபோது சம்மட்டி துள்ளினான். நடுவரின் கை நடுவே வந்து முழுதாக நின்ற பிறகு மச்சானின் குத்து மிதந்து மிதந்து வருவது அதில் தெரிந்தது. வேண்டுமென்றே, நேரம் எடுத்துக்கொண்டு அடித்த மாதிரி.

"பாத்தியாடி? பாத்தியா உங்கண்ணன் லட்சணத்த?"

விற்பனையாளர் இருமினார். அது டிவி செய்கிற வேலை என்றார். அசைவு வழுக்கிக்கொண்டு போக வேண்டும் என்பதற்காக இரண்டு படத்துக்கு நடுவில் அதுவே புதிதாக ஒரு படத்தை உண்டாக்கிச் செருகுமாம். கேமரா எடுக்காத படம். ரிமோட்டில் அதை நிறுத்தினார். மிதந்து வந்த கை காணாமல் போயிற்று. பழையபடி வெறும் வெட்டு, தெறிக்கிற தலை.

அடுத்த கணம் விற்பனையாளரின் டை சம்மட்டியின் கையில் சுருண்டிருந்தது. நான் பார்த்ததைப் பொய் என்கிறாயா என்று அவரை அலமாரியோடு சாத்தினான். ஸ்பீக்கர் ஒன்று உருண்டு விழுந்து உடைந்தது. காவலாளி ஓடி வந்து தோளைத் தொட்டார். முழங்கை பின்னால் போன வேகத்தில் அவர் தொப்பி தனியாகவும் அவர் தனியாகவும் விழுந்தார். மனைவிதான் நடுவில் புகுந்து, டையில் சிக்கியிருந்த அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். முகம் வெளிறிப் போயிருந்த விற்பனையாளரிடம், இதைவிட நல்லது எது என்று அவள் அமைதியாகக் கேட்டாள். போலீசைக் கூப்பிடுவதா டிவியை விற்பதா என்று அந்த மனிதர் ஒரு நிமிஷம் யோசித்திருக்க வேண்டும். கழுத்தைத் தடவிக்கொண்டே பின்னாலிருந்த இருட்டறைக்கு அழைத்துப் போனார். தொழில் பக்தி என்றால் அதுதான்.

அங்கே ஒரே ஒரு ஓஎல்இடி, சுவர் அகலத்துக்கு. இதில் பின்னால் விளக்கே கிடையாது, ஒவ்வொரு புள்ளியும் தனித்தனி விளக்கு, வேண்டாமென்றால் அந்தப் புள்ளி அடியோடு அணைந்துவிடும் என்றார். அணைத்துக் காட்டினார். திரை எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை.

"கறுப்பு நெஜமாவே கறுப்பா இருந்தாத்தாங்க அதுக்கு அடுத்த கறுப்பு தெரியும்," என்று சொல்லிவிட்டு, எதற்கும் கதவோரமாகப் போய் நின்றுகொண்டார்.

படம் ஓடியது. நடுவர் புகுந்தார். மச்சான் இரண்டு கையையும் இறக்கினான். மனைவி திரைக்கு அருகே போனாள். திருப்பிப் போடச் சொன்னாள். மறுபடி திருப்பிப் போடச் சொன்னாள். பிறகு, இங்கே நிறுத்துங்கள் என்றாள்.

கறுப்புக் கால்சட்டைக்கு முன்னால், நடுவரின் கறுப்புப் பேன்டை ஒட்டி, ஒரு கறுப்புக் கையுறை. இடுப்பிலிருந்து புறப்பட்டு மச்சானின் அடிவயிற்றில் புதைந்திருந்தது. மச்சான் கையை இறக்கிய பிறகு. நடுவர் சொன்ன பிறகு. அடுத்த படத்தில் மச்சான் வலியில் மடிகிறான். மடியும்போது அவன் கை தானாக மேலே எகிறுகிறது. அங்கேதான் கண் போனது. அடியில் புதைந்திருந்தது சம்மட்டியின் வலக்கை.

அது அவனுக்குத் தெரியவே தெரியாது என்று சொன்னால் பாதிப் பொய். அந்தச் சுற்று அவன் மண்டையில் துண்டு துண்டாகத்தான் இருந்தது. அந்தத் துண்டுகளில் ஒன்றை அவன் ஒருநாளும் கையில் எடுத்துப் பார்த்ததில்லை. இப்போது அது சுவர் அகலத்துக்கு எதிரே நின்றது. அப்போதாவது வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பாவி, சொன்னது வேறு.

"இது கண்ணுக்கு ஒத்துக்கல. முதல்ல பாத்தமே, அந்த சாதா டிவியே போதும். அதையே கட்டச் சொல்லு."

கன்னத்தில் அறை இடப்பக்கத்திலிருந்து வந்து விழுந்தது. வருவது அவனுக்குத் தெரியவில்லை. தெரியாத பக்கத்தில்தானே அவளை இத்தனை வருஷமாக நிறுத்தி வைத்திருந்தான். காது அடைத்துப்போக, அவன் உடம்பு பழைய பழக்கத்தில் திரும்பியது. கால் அகன்றது, தோள் இறங்கியது, வலக்கை முட்டியாகி இடுப்புக்குப் போயிற்று. விற்பனையாளர் கதவைத் திறந்துகொண்டு ஓடினார்.

அவள் நகரவில்லை. திரையில் இடுப்பருகே நின்ற கையைப் பார்த்தாள். இவன் இடுப்பருகே இருந்த கையைப் பார்த்தாள்.

"இதே கைதான்," என்றாள். "நான் கைய இறக்கித்தான் வெச்சிருக்கேன். அடி."

வெளியே காவலாளியின் விசில் கேட்டது. சம்மட்டியின் விரல்கள் பிரிய மறுத்தன. இந்தத் தடவை அவற்றைப் பிரித்துவிட அவள் வரவில்லை. அவனே இடக்கையால் பிடித்து ஒவ்வொன்றாகப் பிரித்தான். போன வாரத்துக் கண்ணாடிக் காயம் ஒன்று வாய் பிளந்து, தரை விரிப்பில் ரத்தம் சொட்டியது.

அவள் பையிலிருந்து போனை எடுத்தாள். எந்தப் பெயரையும் தேடவில்லை, எண்களை மனப்பாடமாக அழுத்தினாள். எதிர்முனையில் யார் என்று கேட்கும் குரல் சம்மட்டிக்கும் கேட்டது. பல் போன வாயிலிருந்து வந்ததால் அதில் காற்று அடித்தது.

"அண்ணே, நான்தான்," என்றாள். "வாய் வீங்கியிருக்கா? சாப்பிட முடியுதா?"